பிழை பொறுத்தலும் பிழை திருத்தலும்: தமிழ்ப் புலமைத் தொழிலில் தவறு ஒப்பும் மரபின் வரலாறு

முன்னுரை

நூலியற்றல், உரை வகுத்தல், ஏடெழுதல், பதிப்பித்தல், கற்பித்தல் ஆகிய பணிகளைத் தொழிலாகக் கொண்டோர் எல்லாக் காலத்தும் பிழை செய்துள்ளனர். அப்பிழையைப் பிறர் முன் எங்ஙனம் ஒப்புக்கொண்டனர், எச்சொற்களால் பொறுத்தருள வேண்டினர், எம்முறையால் திருத்தினர் என்னும் வினாக்கள் தமிழாய்வில் தனித்து எழுப்பப்பட்டமை குறைவு. அவையடக்கம் பற்றிய ஆய்வுகள் அதனை இலக்கிய உத்தியாகவே பெரிதும் நோக்கின. பதிப்பு வரலாற்று ஆய்வுகள் பதிப்பாசிரியர்தம் உழைப்பையும் கண்டுபிடிப்பையும் முதன்மைப்படுத்தின. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த ஒரு தொடர்ச்சியை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தமிழ்ப் புலமை மரபில் தவறு ஒப்புதல் இரு வடிவங்களில் நிகழ்ந்துள்ளது. ஒன்று, பிழையைப் பொறுக்குமாறு வேண்டுதல். மற்றொன்று, பிழையை இடஞ்சுட்டித் திருத்துதல். முன்னது பணிவைக் காட்டுவது. பின்னது பொறுப்பை ஏற்பது. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதால் விளையும் குழப்பம் இன்றைய ஆய்வுலகிலும் நீடிக்கிறது என்பதும், அவற்றின் வேறுபாட்டை வரலாற்று வழி உணர்தல் தேவை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சொல்லும் பொருளும்

தவற்றைக் குறிக்கத் தமிழில் பிழை, குற்றம், வழு, தவறு, தப்பு எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றுள் வழு என்பது இலக்கணக் கலைச்சொல்லாக வரையறை பெற்றது. திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரும் என்பர் உரையாசிரியர். வழு, வழாநிலை என்னும் இரண்டோடு வழுவமைதி என்னும் மூன்றாவது நிலையையும் தமிழிலக்கணம் வகுத்தது. இலக்கண முறையின் வழுவியதாயினும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளத்தக்கது வழுவமைதியாகும். எல்லாப் பிழையும் ஒரே தன்மையதன்று, சூழல் நோக்கி ஏற்கத்தக்க பிழையும் உண்டு என்னும் நுட்பமான சிந்தனை இதனுள் அடங்கியுள்ளது.

பிழைக்குரிய எதிர்வினையைக் குறிக்கும் வினைகளுள் தொன்மையானது பொறுத்தல். சுமத்தல், தாங்கல் என்பனவும் இவ்வினையின் பொருள்களாகும். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம், தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை உவமையாக்கித் தொடங்குவது இதனோடு ஒப்பிடத்தக்கது. வடமொழியில் க்ஷமா என்னும் சொல் பொறுமை, நிலம் ஆகிய இரு பொருளையும் தரும். தெலுங்கில் மன்னிஞ்சு என்னும் வினை மதித்தல், பொறுத்தருளல் என்னும் இரு பொருளில் வழங்குகிறது. இந்திய மொழிகள் பலவற்றில் பிழை பொறுத்தல் என்பது பெரியவர் ஒருவர் சிறியவரின் சுமையைத் தாங்கிக்கொள்ளும் செயலாகவே உணரப்பட்டது எனலாம்.

இதனால் ஒன்று புலனாகிறது. பிழை பொறுக்க என வேண்டுபவர் தம் பிழையின் சுமையைக் கேட்போர் மீது ஏற்றுகிறார். பிழை எது என ஆய்ந்தறியும் பணியும் கேட்போரையே சார்கிறது. திருத்தல் என்னும் வினையோ இதற்கு மாறானது. அதில் சுமை பிழை செய்தவரிடமே நிற்கிறது.

அவையும் அடக்கமும்

அவையடக்கத்தை ஒரு செய்யுள் வகையாகக் கருதி இலக்கணம் கூறிய முதல் நூல் தொல்காப்பியம். செய்யுளியலில் இது அவையடக்கியல் எனப்படுகிறது. தாம் வல்லமையின்றிக் கூறினும் கேட்போர் அதனை வகுத்து ஏற்றுக்கொள்க என எல்லார்க்கும் பணிந்து கூறுதல் அதன் இயல்பாகச் சுட்டப்படுகிறது. ஈண்டு வகுத்துக்கொள்ளும் பொறுப்பு கேட்போர்க்கு உரியதாக்கப்பட்டமை கருதத்தக்கது.

பிற்காலக் காப்பியங்களில் அவையடக்கம் நூலின் இன்றியமையா உறுப்பாயிற்று. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டார் கம்பர். சைவ, வைணவப் புராணங்களிலும், உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலும் அவையடக்கம் இடம்பெற்றது. சமய எல்லை கடந்து இம்மரபு நிலைபெற்றதற்கு அது புலமைத் தொழிலின் பொது ஒழுக்கமாகக் கருதப்பட்டதே காரணமாகலாம். நூல் அரங்கேறும் அவையில் கற்றோர் பலர் குழுமியிருப்பர். அவர்தம் ஏற்பே நூலின் வாழ்வை உறுதி செய்வது. அத்தகைய அவை முன் தன் சிறுமை கூறிப் புகுதல் முறையாயிற்று.

எனினும் அவையடக்கம் ஒரு குறிப்பிட்ட பிழையை ஒப்புவதன்று. அது நூலின் தொடக்கத்தில், பிழை சுட்டப்படுவதற்கு முன்னரே கூறப்படுவது. இன்ன இடத்தில் இன்ன தவறு நேர்ந்தது என அது உரைப்பதில்லை. நிகழக்கூடிய பிழைகள் அனைத்திற்கும் முன்கூட்டியே விடுக்கும் பொது வேண்டுகோளாகவே அது அமைகிறது.

பிறர் நூற் குற்றம் காட்டல்

அவையடக்கம் ஒருபுறம் வளர, குற்றம் காட்டும் மரபும் உடன் வளர்ந்தது. தொல்காப்பிய மரபியலும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பவணந்தியின் நன்னூலும் நூற்குற்றங்களைப் பத்தென வகுத்தன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலியன இரு நூற்கும் பொதுவானவை.

நன்னூல் கூறும் எழுவகை மதம் இவ்விடத்துச் சிறப்பாக நோக்கத்தக்கது. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தான் ஒன்றை நாட்டி அதனை நிறுத்தல், இருவர் மாறுபட்ட வழி ஒன்றனைத் துணிதல், பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டல், பிறர் மதத்தொடு படாது தன் மதம் கொள்ளல் என்பன அவை. இவற்றுள் பிறர் நூற் குற்றம் காட்டல் நூலாசிரியனுக்கு உரிய செயலாக வெளிப்படையாகவே ஏற்கப்பட்டுள்ளது. தன் நூற் குற்றம் காட்டல் இப்பட்டியலில் இல்லை. பிறர் மதத்தை ஏற்றுப் பின் களைவதற்கு இடமளித்த இலக்கணம், தான் முன்னர்க் கொண்ட மதத்தைத் தானே களைவதற்குப் பெயரிடவில்லை.

தற்புகழ்ச்சி பற்றிய நன்னூலின் விதியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தன்னைத் தான் புகழ்தல் தகாது எனப் பொதுவிதி வகுத்த பவணந்தி, அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலையும் அது தகும் என விலக்களிக்கிறார். புலமைத் தொழிலில் தன்னைப் புகழ்தற்குரிய சூழல்கள் நான்கு எண்ணிக் கூறப்பட்டன. தன் தவற்றை ஒப்புதற்குரிய சூழல் ஒன்றும் கூறப்படவில்லை. அவை வாதத்திற்குரிய களமாக இருந்ததே இதற்குக் காரணம் எனலாம். தவறு ஒப்புதல் அங்குத் தோல்வியாகவே கொள்ளப்பட்டிருக்கும்.

உரையாசிரியர்கள் இதனிடையே ஒரு நாகரிகத்தைப் பேணினர். முந்தையோர் உரையை மறுக்குமிடத்துப் பெயர் சுட்டாது, ‘என்பாரும் உளர்’ எனக் குறித்துச் செல்லுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். மறுப்பு கருத்தின் மேலதாக நின்றது; ஆள்மேற் செல்லவில்லை. பிற்காலத்தில் இந்நயம் குறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தை மறுத்தெழுதிய நூலுக்கு இலக்கண விளக்கச் சூறாவளி எனப் பெயரிட்டமை மறுப்பின் வேகத்தைப் பெயரளவிலேயே காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டன நூல்கள் இப்போக்கின் உச்சமாகும்.

அரங்கேற்றம் பற்றிய இரு தொன்மங்களும் இம்மனநிலையை விளக்குவன. கந்தபுராண அரங்கேற்றத்தில் முதற்செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்கு விதியில்லை எனத் தடை எழுந்ததாகவும், பின்னர் வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டப்பட்டதாகவும் கூறுவர். இக்கதையில் கச்சியப்பர் தவறு ஒப்பவில்லை. ஒப்ப வேண்டிய தேவையும் நேரவில்லை. பிழை எனப்பட்டது பிழையன்று என நிறுவப்படுகிறது.

மற்றொன்று நக்கீரர் கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தை அடுத்துக் கீரனைக் கரையேற்றிய படலமும், கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலமும் அமைந்துள்ளன. இறைவன் பாட்டிலும் குற்றம் கண்ட நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்து, பின் தம் பிழை உணர்ந்து பணிந்து கரையேறுகிறார். மக்கள் நினைவில் பெரிதும் நிலைத்தது முதற் படலமே. குற்றம் காட்டிய வீரம் மேடைதோறும் போற்றப்படுகிறது. தவறு உணர்ந்த பணிவு அந்த அளவிற்கு நினைக்கப்படவில்லை. புலமைச் சமூகம் எதனைப் பெருமையாகக் கருதியது என்பதற்கு இஃதொரு சான்று.

ஏடெழுதுவோர் வேண்டுகோள்

புலவர்க்கு அவையடக்கம் அமைந்தது போல ஏடெழுதுவோர்க்கும் ஒரு வேண்டுகோள் மரபு இருந்தது. சுவடியின் இறுதியில் ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், ஏட்டுக்கு உரியவர் பெயர் ஆகியன குறித்து, எழுத்துப் பிழைகளைப் பொறுத்து வாசிக்குமாறு வேண்டும் வழக்கம் சுவடிகளில் காணப்படுவதாகும். வடமொழிச் சுவடிகளில் இந்தியா முழுவதும் பரவிய ஒரு முடிவுரைச் செய்யுள் உண்டு. மூலத்தில் கண்டவாறே எழுதினேன், அது சரியாயினும் தவறாயினும் என்மேல் குற்றமில்லை என்பது அதன் கருத்து. ஒன்று பொறுக்க வேண்டுவது. மற்றொன்று பொறுப்பை மூல ஏட்டுக்கு மாற்றுவது.

எழுதுவோர் இங்ஙனம் கூறுதற்கு ஓலையின் இயல்பும் காரணமாயிற்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவால் வேறுபடுத்தப்படவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே படி எடுப்போர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு தெரிவாகவே இருந்தது. மேலும் ஒரு சுவடியில் நேர்ந்த பிழை அச்சுவடிக்கும் அதன் வழிப் படிகளுக்கும் மட்டுமே உரியது. வேறொரு சுவடியில் அவ்விடத்தில் வேறொரு பிழை இருக்கலாம். பிழைக்கு நிலையான முகவரி இல்லாதபோது அதனை இடஞ்சுட்டித் திருத்துதல் இயலாது. பொதுவாகப் பொறுக்க வேண்டுதலே இயன்ற வழியாயிற்று. ஏட்டுக் காலத்து ஒப்புதல் பொதுநிலையிலேயே நின்றதற்கு மனப்பாங்கு மட்டுமன்றி இப்பொருளியல் காரணமும் உண்டு.

அச்சும் பிழைதிருத்தப் பட்டியலும்

1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியதன் வழி அச்சு தமிழுக்கு வந்தது. எனினும் தமிழிலக்கியங்கள் அச்சேறும் நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவாயிற்று. 1812இல் திருக்குறள் மூலம் சென்னையில் அச்சிடப்பட்டது. கையால் எழுதிவருவதில் எழுத்துக்கள் குறைந்தும் மிகுந்தும் மாறியும் பிழை மலிகின்றன என்பதும், அச்சு அதற்குத் தீர்வு என்பதும் அப்பதிப்பின் அறிவிப்பில் கூறப்பட்ட காரணங்கள். 1835இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடு நீங்கியபின் பதிப்புப் பணி விரிந்தது.

அச்சு பிழையை நீக்கவில்லை; அதனைப் பெருக்கியது. ஒரு பிழை அச்சிட்ட அத்தனை படிகளிலும் ஒரே பக்கத்தில் ஒரே வரியில் நின்றது. ஆயினும் இக்குறையே ஒரு புதிய வாய்ப்பையும் தந்தது. எல்லாப் படியும் ஒத்திருந்தமையால், பிழைக்கு முதன்முறையாக முகவரி கிட்டியது. பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு கட்டமிட்ட பட்டியல் நூலின் இறுதியில் இடம்பெறலாயிற்று. தமிழில் இது பிழைதிருத்தம், பிழையும் திருத்தமும் எனப் பெயர்பெற்றது. இந்தி, மராத்தி, வங்கம், மலையாளம் ஆகிய மொழிகளில் சுத்திபத்திரம் எனவும், தெலுங்கில் தப்பொப்புல பட்டிக எனவும் இது வழங்கியது. இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் இது பொதுவான ஒரு நிகழ்வாகும்.

இப்பட்டியல் தோற்றத்தில் எளியது. உணர்ச்சிச் சொற்கள் இதில் இல்லை, தன்னிழிவுரையும் இல்லை. எனினும் அவையடக்கம் செய்யாத ஒன்றை இது செய்தது. பிழை இன்னதென ஆசிரியரே பெயர்சுட்டிக் கூறினார். கற்போர் தம் படியில் மையால் திருத்திக்கொள்ள வழி செய்தார். நன்னூலின் எழுவகை மதத்துள் இடம்பெறாத தன் நூற் குற்றம் காட்டல் அச்சுப் பண்பாட்டில் அமைதியாக நிலைபெற்றது எனலாம்.

ஆயினும் ஒப்புதலின் மொழிநடையில் ஒரு தயக்கம் நீடித்தது. பிழைகள் ‘புகுந்துவிட்டன’, ‘நேர்ந்துவிட்டன’ என்னும் வாய்பாடு பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டு முகவுரைகளில் பெருவழக்கு. இவை செய்தவரைச் சுட்டாத வினைகள். பிழை தானே வந்து நுழைந்ததாக வாக்கியம் அமைகிறது. அச்சுப்பிழை என்னும் தொடரும் இவ்வாறே ஆசிரியர் பிழைக்கும் அச்சுக்கோப்போர் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கப் பயன்பட்டதுண்டு.

தாமோதரம் பிள்ளையும் சாமிநாதையரும்

பதிப்புத் துறையின் முன்னோடிகளான சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆகிய இருவரும் பிழையை எதிர்கொண்ட முறைகள் தனித்தன்மை உடையன.

தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இல் பதிப்பித்தார். அதன் பதிப்புரையில், பெரும்பட்டம் சுமந்த புலவர்கள் பிழை நேரின் புகழுக்குக் குறைவு வருமென அஞ்சி இப்பணியில் இறங்கத் தயங்குவர் என்றும், அத்தகைய பட்டச் சுமை இல்லாத தம் போன்றோர் இதனை மேற்கொள்வதே தகும் என்றும் கருத்துப்பட எழுதினார். கலித்தொகைப் பதிப்புரையில் (1887) அவர் தீட்டிய ஏடுகளின் நிலை இவ்வச்சத்திற்கு மாற்றாக நிற்கிறது. தொட்டால் ஓரம் உதிர்வதும் கட்டவிழ்த்தால் இதழ் முறிவதுமாகிய ஏடுகளை உடனே அச்சேற்றாவிடில் நூலே இராது என்பது அவர் கவலை. பிழையோடு காத்தலா, பிழைக்கு அஞ்சி இழத்தலா என்னும் நிலையில் அவர் முன்னதைத் தெரிந்தார். பிழை ஒப்புதல் இங்கு வெறும் பணிவுரையாக நிற்கவில்லை. அது செயலுக்குத் துணிவு தந்த ஏதுவாயிற்று.

அவரது பொருளதிகாரப் பதிப்பில் பிழை ஒன்று இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. இறுதி நான்கு இயல்களுக்கு நச்சினார்க்கினியர் உரையெனப் பதிப்பிக்கப்பெற்றது உண்மையில் பேராசிரியர் உரை என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் நிறுவினர். பிந்தைய பதிப்புகள் பேராசிரியர் பெயரோடே வெளிவந்தன. தாமோதரம் பிள்ளையின் பதிப்பு அச்சேறாதிருந்தால் உரைகளை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு ஆய்வாளர்க்கு அத்துணை எளிதில் கிட்டியிராது. பிழையொடு கூடிய முதற்பதிப்பே அப்பிழை களையப்படுவதற்கும் கருவியாயிற்று.

சாமிநாதையரின் முறை வேறு. சீவகசிந்தாமணி 1887இல் வெளிவந்தபின் அதனைக் கண்டித்துத் துண்டு வெளியீடுகள் எழுந்தன. அவற்றிற்கு மறுப்பெழுதிய ஐயர் அதனைக் கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அதனைக் கிழித்தெறிந்து, மறுப்பில் காலத்தைக் கழிக்க வேண்டா என அறிவுறுத்தினார் என்று ஐயர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். கண்டனப் போருக்குள் அவர் புகவில்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இலும், மூன்றாம் பதிப்பு 1922இலும் திருத்தங்களோடு வெளிவந்தன. மறுப்புக்கு மாற்றாகத் திருத்தம் அமைந்தது.

பதிப்பின் உள்ளமைப்பிலும் அவர் தம் அறியாமைக்கு இடமளித்தார். பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்தமை, தாம் கொண்ட பாடமே முடிந்த முடிபன்று என்னும் ஒப்புதலாகும். சிதைந்த இடங்களைத் தாமாக நிரப்பாது புள்ளியிட்டு விடுத்தார். மேற்கோட் செய்யுட்களுள் எந்நூலைச் சார்ந்தன எனத் தெரியாதவற்றை விளங்கா மேற்கோளகராதி எனத் தனியே தொகுத்துத் தந்தார். தெரியாதவற்றை அகராதியாக்கி வெளியிட்டமை புலமைத் தொழிலில் அரிய செயல். பின்வருவோர் எங்குத் தொடங்க வேண்டும் என்பதை அது காட்டிற்று.

தன் குறையை ஒப்பும் உரைநடையின் சிறந்த சான்று அவரது என் சரித்திரம். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நூலில் சேலம் இராமசுவாமி முதலியாரை 1880இல் சந்தித்த நிகழ்ச்சி விரிவாகக் கூறப்படுகிறது. தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள் எனப் பெருமிதத்தோடு அடுக்கிய தமக்குப் பழைய நூல்கள் தெரியாமையை அச்சந்திப்பு உணர்த்தியதை ஐயர் மறைக்கவில்லை. சிந்தாமணி ஆய்வின்போது சைனக் கோட்பாடுகளை அறியக் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்றதையும், கல்லூரியாசிரியராகிய தாம் அங்குக் கேட்டுக் கற்றதையும் அவ்வாறே பதிந்துள்ளார். புகழின் உச்சியில் இருந்த முதுபுலவர் அறுபதாண்டுகளுக்கு முந்தைய தம் அறியாமையை இடம், ஆள், சூழல் குறித்து எழுதியதனால் அவர் மதிப்புக் குறையவில்லை. தமிழ் மாணவர் தலைமுறைகள் விரும்பிக் கற்ற பகுதியாக அது விளங்குகிறது.

தன் பாடத்தைத் தானே திருத்தல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரபின் முதிர்ந்த நிலையைக் கல்வெட்டாய்வில் காணலாம். ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமிக் கல்வெட்டுக்களின் தொகுப்பை 1966இல் உருவாக்கி, சென்னையில் நிகழ்ந்த கருத்தரங்கில் முன்வைத்தார். அது துறையின் அடிப்படை ஆவணமாக ஏற்கப்பட்டது. அவ்வளவில் நில்லாது 1990களில் அவர் மீண்டும் குகைத்தளங்களுக்குச் சென்று கல்வெட்டுக்களை நேரிற் பரிசோதித்தார். 2003இல் வெளிவந்த பெருநூலில் தம் முந்தைய பாடங்கள் பலவற்றைத் தாமே திருத்தினார். தம் நூலுக்குத் தாமே மறுப்பாசிரியரான இச்செயல் அவருடைய ஆய்வின் நம்பகத்தன்மையை உயர்த்தியது.

இதழியலிலும் இணையான போக்கு உண்டு. தி இந்து ஆங்கில நாளிதழ் 2006இல் வாசகர் ஆசிரியர் என்னும் பொறுப்பை ஏற்படுத்தி, நாள்தோறும் திருத்தங்களை ஓரிடத்தில் வெளியிடலாயிற்று. வருந்துகிறோம் என்பது உணர்வைக் கூறுவது. மன்னிப்புக் கோருகிறோம் என்பது பிறர் செயலை வேண்டுவது. திருத்தம் என்பது தான் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பது. இம்மூன்றையும் வேறுபடுத்தி ஆளும்போதே தொழில்சார் ஒப்புதல் முழுமை பெறுகிறது.

இன்றைய நிலை

இவ்வரலாற்றின் ஒளியில் இன்றைய தமிழாய்வுலகை நோக்குதல் தகும். ஆய்வேடுகளின் முன்னுரைகளில் பிழை பொறுக்க வேண்டும் வாய்பாடு மரபு மாறாது தொடர்கிறது. பிழைதிருத்தப் பட்டியலோ அருகி வருகிறது. கணினி அச்சு வந்தபின் பிழையே நேராது என்னும் எண்ணமும், பட்டியல் இணைத்தால் நூல் பிழை மலிந்தது எனக் கருதப்படும் என்னும் அச்சமும் இதற்குக் காரணமாகலாம். தாமோதரம் பிள்ளை சுட்டிய பட்டச் சுமை வேறு வடிவில் திரும்பியுள்ளது. பணி நியமனமும் பதவி உயர்வும் வெளியீடுகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கும் சூழலில், வெளியிட்ட கட்டுரையில் தவறு நேர்ந்தது எனத் தானே முன்வந்து கூறும் இளம் ஆய்வாளர்க்கு ஊக்கமும் பாதுகாப்பும் தேவை.

பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளை வெளியிட்டது. அவை பிறர் உழைப்பைத் தமதாக்கும் குற்றத்தைப் பற்றியன. நேர்மையாக உழைத்தவரிடத்தும் நேரும் பிழை அதனின் வேறானது. குற்றமும் பிழையும் ஒன்றாக நோக்கப்படின் பிழையை ஒப்புவோர் குறைவர். வழுவுக்கும் வழுவமைதிக்கும் வேறுபாடு கண்ட இலக்கண மரபினர்க்கு இந்நுட்பம் புதியதன்று.

மறுபதிப்பும் மின்பதிப்பும் மற்றொரு சிக்கலை உருவாக்குகின்றன. பழம் பதிப்பொன்றை மீள அச்சிடும்போதோ மின்னுருவாக்கும்போதோ இறுதியிலுள்ள பிழைதிருத்தப் பக்கம் விடுபட்டு, திருத்தங்களும் நூலுள் சேர்க்கப்படாதுபோகுமாயின், ஆசிரியர் ஒப்புக்கொண்ட பிழை மீண்டும் அவர் கருத்தாகவே நிலைபெற்றுவிடும். பதிப்பாசிரியர் தம் வாழ்நாளில் செய்த ஒப்புதல் அழிக்கப்படுகிறது. அப்பாடத்தை மேற்கோள் காட்டும் மாணவர் அதன்மேல் தம் ஆய்வைக் கட்டுகின்றனர். பிழைதிருத்தப் பக்கம் நூலின் ஓர் உறுப்பு என்னும் உணர்வு இல்லாமையே இதற்குக் காரணம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துக்கள் புலனாகின்றன.

1. தமிழ்ப் புலமைத் தொழிலில் தவறு ஒப்பும் மரபு, பிழை பொறுக்க வேண்டல், பிழை திருத்தல் என இரு நிலைகளில் வளர்ந்துள்ளது. முன்னது சுமையைக் கேட்போர்க்கு மாற்றுவது. பின்னது செய்தவரே சுமப்பது.

2. நன்னூல் பிறர் நூற் குற்றம் காட்டலை நூலாசிரியனின் உரிமையாக்கியது. தன் நூற் குற்றம் காட்டலுக்கு அதில் பெயரில்லை. அவையடக்கம் அவ்விடத்தைப் பணிவுரையால் நிரப்பியது.

3. ஏட்டுச் சுவடியில் பிழைக்கு நிலையான முகவரியின்மையால் பொது வேண்டுகோளே இயன்றது. ஒத்த படிகளைத் தந்த அச்சு பிழைதிருத்தப் பட்டியலை இயல்வதாக்கியது.

4. தாமோதரம் பிள்ளை, சாமிநாதையர், மகாதேவன் ஆகியோர்தம் பணிகள், பிழையை ஒப்புதல் புலமைக்கு இழுக்கன்று, அதன் வளர்ச்சிக்கு வழி என்பதை மெய்ப்பிக்கின்றன.

5. மறுபதிப்புகளில் மூலப் பிழைதிருத்தங்களைக் காத்தல், ஆய்விதழ்களில் திருத்தத்திற்கெனப் பக்கம் ஒதுக்கல், தாமே முன்வந்து திருத்துவோரைக் குறையாகக் கருதாமை ஆகியன இன்றைய உடனடித் தேவைகளாகும்.

பூனையாகத் தம்மை உருவகித்த கம்பரின் பணிவும், பக்கமும் வரியும் சுட்டித் தம் தவற்றைப் பட்டியலிட்ட பதிப்பாசிரியரின் பணிவும் ஒரே மரபின் இரு கூறுகள். முன்னதை இன்றைய முகவுரைகள் மறவாது பின்பற்றுகின்றன. பின்னதையும் பின்பற்றுவதே கற்போர்க்குச் செய்யும் நேர்மையாகும்.